கயிறு பிடிக்கிறவன் பாட்டு

கிளைட்டன் செய்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆம்ப்ளிபயரின் முதுகில் இருந்த இரண்டு ஓட்டைகளில் தப்பான ஓட்டையில் ஒயரைச் சொருகினான், அவ்வளவுதான். சரியான ஓட்டை பங்கு மண்டபத்தில் வைத்திருந்த இரண்டு பெட்டிகளுக்குப் போகிறது. தப்பான ஓட்டை மாதா கோயில் கோபுரத்து உச்சியில் நாலு திசையும் பார்த்துக் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. திரையில் ஒரு வெள்ளைக்காரி, சேலையும் இல்லாமல் ஜன்னல் திரையும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று, கையை விரித்து, வாயைத் திறந்தாள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. கிளைட்டன் ஆம்ப்ளிபயரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திருகைக் கடைசிவரை திருகினான். கடற்கரைத் தெரு முழுக்க, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, வள்ளங்களைக் கவிழ்த்துப் போட்டிருக்கிற மணல் வரைக்கும் அந்த அம்மாள் அலறிக்கொண்டிருந்தது கொஞ்சநேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அந்தத் தெருவில் கோபுரம் நேரம் கெட்ட நேரத்தில் பேசினால் இரண்டே அர்த்தம். யாரோ செத்திருக்கிறார்கள், அல்லது ஏதோ வள்ளம் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த வள்ளமும் கடலுக்குப் போகாது என்பதெல்லாம் பதறுகிறவர்களுக்கு நினைவு வருமா? மதியச் சாப்பாட்டு உறக்கத்தில் கிடந்த சனம் அப்படியே எழுந்து ஓடிவந்தது. ஒருத்தர் வாயில் வெற்றிலை, ஒருத்தர் பாதிச் சவரம். கிளைட்டனின் அக்கா ஹில்டா தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு மண்டபத்து வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏலே, யாருல? எந்த வீடு?"

"யாரும் சாகலக்கா. இந்தப் பொம்பள பாடுதா."

ஹில்டா திரையைப் பார்த்தாள். "இதுவா பாட்டு? பிரசவ வலி கண்டவ மாதிரில்லா கத்துதா."

ஜெமிமா டீச்சருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். நாசரேத்துக்காரர். இங்கே பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக வந்து, ரிட்டையர் ஆகியும் ஊரைத் திருத்தாமல் போகமாட்டேன் என்று தங்கிவிட்டவர். வெளிநாட்டு அரங்கம் ஒன்றில் நடந்த ஆப்பரா என்கிற பாட்டு நாடகத்தைப் படம்பிடித்ததை யாரிடமோ கெஞ்சி வாங்கி, சாமியாரிடம் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, செந்தூர்வேல் அண்ணாச்சி சவுண்ட் சர்வீஸில் சொல்லி மைக் செட் வைத்திருந்தார். அண்ணாச்சி அவருடைய நல்ல ஆட்களை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அனுப்பிவிட்டு இங்கே கிளைட்டனை அனுப்பினார். அதிலிருந்தே அந்த ஆப்பராவின் மதிப்பு என்ன என்று தெரிந்துகொள்ளலாம். கிளைட்டனின் மதிப்பும்தான். ஒயர் மாறும்வரை மண்டபத்தில் இருந்தது பாட்டுக் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும், மின்விசிறிக்காக வந்த ஒரு பெரியவரும். இப்போது உட்கார இடமில்லை. டீச்சர் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் கிரியை செய்தார்" என்றார். கிரியை செய்தவன் குனிந்து ஒயரைப் பிடுங்கிச் சரியான ஓட்டையில் சொருகினான்.

வந்தவர்கள் வைதுகொண்டே திரும்பிப் போயிருப்பார்கள். ஆனால் மேஜையில் ஒரு பெரிய தட்டு நிறைய மக்ரூன் இருந்தது, பக்கத்தில் டீ கேன் இருந்தது. சாவுக்கு என்று ஓடிவந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதும் ஒரு மாதிரியாக இருந்திருக்கும். உட்கார்ந்தார்கள்.

எல்லாருக்கும் கடைசியாக மரியான் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டு, அவசரமே இல்லாத நடை. எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில், கிளைட்டனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. மரியான் அதைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். முன்வரிசையிலிருந்து ஹில்டா திரும்பி, "அங்கன உக்காருங்க" என்று கையைக் காட்டினாள். பொண்டாட்டி சொன்னபிறகு என்ன செய்ய முடியும். உட்கார்ந்து, கிளைட்டனைப் பார்க்காமல், திரையைப் பார்த்தான்.

மரியான் ஹில்டாவின் புருஷன். சங்கு குளிக்கிறவன். முத்தெல்லாம் பழைய பெருமை, மேடையில் பேசுவதற்கு ஆகும். இப்போது அடியில் கிடைப்பது சங்குதான். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குகிற காலமாகிவிட்டாலும் அவர்கள் வள்ளத்தில் இடுப்புக் கயிற்றை விடவில்லை. கயிற்றின் ஒரு முனை முங்குகிறவன் இடுப்பில், மறுமுனை மேலே ஒருத்தன் கையில். அந்தக் கை மச்சான் கையாகத்தான் இருக்கவேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். அண்ணன் தம்பி என்றால் சொத்துக்கு ஆசைப்படுவான், கூட்டாளி என்றால் பொறாமைப்படுவான், மச்சான்காரன் ஒருத்தன்தான் கூடப்பிறந்தவள் தாலிக்குப் பயந்து கண் கொட்டாமல் பிடிப்பான் என்று கணக்கு. ஹில்டாவின் கல்யாணம் முடிந்த மறுவாரத்திலிருந்து மரியானின் கயிறு கிளைட்டன் கையில்தான் இருந்தது. வேறு எந்த வேலையிலும் அவனை நம்பி ஒரு வாளியைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். வாயைத் திறந்தால் கேலி, கையை நீட்டினால் உடைசல். ஆனால் கயிற்றைப் பிடித்தால் அவன் வேறு ஆள். பிடித்துக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசுவான். விரல் மட்டும் பேச்சில் கலந்துகொள்ளாது.

புதுவருஷம் பிறந்த கையோடு ஒருநாள் விடியற்காலை கிளைட்டன் கரைக்குப் போனபோது வள்ளம் கிளம்பியிருந்தது. அதில் அவன் இடத்தில் சுடலைமாடன் உட்கார்ந்திருந்தான். விளாத்திகுளத்துக்காரன். அந்தப் பக்கத்தில் தண்ணீர் என்பது லாரியில் வருவது. கிணறு வெட்டிக்கொண்டிருந்தவன், கடலைப் பார்த்ததே மீசை முளைத்த பிறகுதான். அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். மச்சான் உயிரோடு, இரண்டு கையும் இரண்டு காலும் சரியாக, கரையில் நிற்கும்போது, கயிறு ஒரு கரிசல்காட்டான் கையில். இதற்கு மேல் ஒரு மனுசனை நடுத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்த முடியாது.

ஏன் என்று கேட்டான். "சும்மாதான் மச்சான், நீயும் கொஞ்சம் ஓய்வா இரு" என்றான் மரியான். ஹில்டாவிடம் கேட்டான். "ஒங்க அத்தான்ட்டயே கேளு" என்று அடுப்பைப் பார்த்தாள். வள்ளத்தில் போகிற மற்ற இரண்டு பேரிடமும் கேட்டான். ஒருத்தன் வானத்தைப் பார்த்து, காற்று திரும்புகிறது என்றான். இன்னொருத்தனுக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருந்தது. நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மரியான் தெருவில் அவனைக் கண்டால் சந்து பார்த்துத் திரும்பிவிடுகிறான். இப்போதுதான், ஒரு வெள்ளைக்காரியின் புண்ணியத்தில், ஒரு சாண் தூரத்தில் மாட்டியிருக்கிறான்.

கிளைட்டன் ஒன்றும் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக் கேலி செய்ய ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான்.

கேலி செய்ய அங்கே பஞ்சமும் இல்லை. கீழ்த்திசைக் கடற்கரை ஒன்றில் முத்துக் குளிப்பவர்கள் கதை, இத்தாலிக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் எழுதியது, அதாவது நம்மைப்பற்றியது என்று டீச்சர் சொல்லியிருந்தார். நம்மவர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் காப்பித்தூளைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். கதாநாயகன் முத்துக் குளிக்கிறவனாம், தலையில் மயிலிறகு வைத்த தலைப்பாகை. இடுப்பில் மினுமினுவென்று ஒரு சல்லடம். அதற்கு மேலே இருந்த வயிற்றை வைத்துக்கொண்டு முங்கினால் மிதக்கலாம், கீழே மட்டும் போக முடியாது. கடற்கரையில் ஒரு அட்டை யானை நின்றது. பெண்கள் தலையில் குடத்தோடு வரிசையாக வந்து, அலை பக்கம் குனிந்து எழுந்து, பாடிக்கொண்டே போனார்கள்.

"ஏளா, கடத்தண்ணியவா மோந்துட்டுப் போறாளுவ?" என்று ஹில்டா பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவளுவ ஊருல அப்படித்தான் கொழம்புக்கு உப்பு போடுவாளுவ போல" என்று பின்னாலிருந்து கிளைட்டன் சொன்னான். மண்டபம் சிரித்தது.

டீச்சர் விடவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கில் அர்த்தம் சொன்னார். "இப்போ அவன் என்ன சொல்கிறான் என்றால், என் உள்ளமே ஒரு சமுத்திரம், அதன் ஆழத்தை யார் அறிவார்..."

"மத்தியானம் சாப்பிடலன்னு சொல்லுதான் டீச்சர்."

மறுபடி சிரிப்பு. கிளைட்டன் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். மரியான் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் வள்ளத்தில் கிளைட்டன் பேச ஆரம்பித்தால், போதும்ல, முங்கும்போது சிரிப்பு வந்தா தண்ணி குடிச்சிருவேன் என்று கெஞ்சுகிறவன். இப்போது வேளாங்கண்ணி பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் மாதிரி, கையிரண்டையும் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக இருந்தான்.

கிளைட்டனுக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சலாக வந்தது. இந்தப் படத்தைக் கொண்டுவந்த டீச்சர் மேல். காப்பித்தூள் மூஞ்சிகள் மேல். ஓசி மக்ரூனுக்காகச் சகித்துக்கொண்டிருக்கும் சனத்தின் மேல். அதிலும், அவர்களைச் சிரிக்க வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும் தன் மேல். கோமாளிக்கும் குரங்குக்கும் ஒரு வித்தியாசம்தான், குரங்குக்கு ஆட்டுவிக்க ஒருத்தன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் அதுவே நல்ல நகைச்சுவையாகத் தோன்றியது, அதை யாரிடம் சொல்லலாம் என்று அடுத்த நிமிஷம் யோசித்தான். இந்த லட்சணத்தில்தான் அவன் இருந்தான்.

அப்புறம் அந்தக் கயிற்றுக் காட்சி வந்தது.

மேடை முழுக்க நீலத் துணியை விரித்து இரண்டு பக்கமும் ஆட்கள் ஆட்டினார்கள், அது கடலாம். நடுவில் ஒரு படகு. மயிலிறகுக்காரன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, போகுமுன் ஒரு பாட்டு, குதிக்குமுன் ஒரு பாட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு பாடிவிட்டு, துணியில் இருந்த ஓட்டைக்குள் இறங்கிப்போனான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஒருத்தன் நின்றான். ஒல்லி, கறுப்புத் தாடி. அவன் பாட ஆரம்பித்தான்.

அவன் பாடிக்கொண்டே இருந்தான். ஒரு டீயைப் போட்டு, ஆற்றிக் குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற நேரம் ஆனது. நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, இரண்டு அடி நடந்து, மறுபடி ஆரம்பித்தான்.

"ஏலே, படிச்சது போதும், இழுல!" என்று ரொட்ரிகோ எழுந்தே விட்டார். பழைய முங்கு ஆள், காது மந்தம், அவர் குரலுக்கு ஆம்ப்ளிபயர் தேவையில்லை. "உள்ள இருக்கவன் செத்து நாறிருப்பான்ல!"

"மூச்சு அவனுக்குத் தீரல, இவனுக்கும் தீரல" என்றது ஒரு குரல்.

"பாட்டு முடிஞ்சு இழுத்தா சங்குதான் வரும். ஊதுத சங்கு" என்றது இன்னொன்று.

மண்டபமே ஆடியது. டீச்சர் மைக்கில், "தயவுசெய்து, தயவுசெய்து" என்றார். "இது ரொம்ப முக்கியமான பாட்டு. கயிறு பிடிக்கிறவன் மனதுக்குள் போராட்டம். அவன் இவனுடைய ஆத்ம சிநேகிதன். ஆனால் இரண்டு பேரும் ஒரே பெண்ணை நேசிக்கிறார்கள். இழுக்கவா, விடவா என்று பாடுகிறான்."

ஒரு கணம் அமைதி. அது ரசித்த அமைதியில்லை. இவ்வளவு பெரிய முட்டாள்தனம் உலகத்தில் இருக்குமா என்று நம்ப முடியாத அமைதி.

"கூட்டாளி கைலயா கயித்தக் குடுத்தான்?" என்று ரொட்ரிகோ கேட்டார். "அதுவும் ஒரே புள்ளைக்கு மல்லுக்கட்டுத கூட்டாளி கைல? அப்ப அவன் சாவ வேண்டியவந்தான். ஏன், அவனுக்கு மச்சான் இல்லியா?"

கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்திருக்கவேண்டும். முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. அப்புறம் இரண்டு. அப்புறம் வரிசை வரிசையாகத் திரும்பி, ஆம்ப்ளிபயர் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள். ஹில்டா மட்டும் திரும்பவில்லை. அவள் பிடரி விறைத்து நின்றது.

இப்படி நாலு பேர் பார்க்கும்போதெல்லாம் கிளைட்டன் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"மச்சான் இருந்திருப்பான் அண்ணே. மைக் செட் போடப் போயிருப்பான்."

கூரை அதிர்ந்தது. ரொட்ரிகோ தொடையைத் தட்டிச் சிரித்தார். டீச்சர்கூடச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு கைதட்டல் அந்தத் தாடிக்காரனுக்குச் சொந்த ஊரில்கூடக் கிடைத்திருக்காது. நாற்காலி தரையில் கீறும் சத்தம் கேட்டுக் கிளைட்டன் திரும்பினான். மரியான் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான்.

கிளைட்டன் உட்கார்ந்தே இருந்தான். போனால் போகட்டும். திரையில் தாடிக்காரன் இன்னும் விடவில்லை. இப்போது குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கவேண்டாம் என்பதுபோல் பாடினான். சனம் சிரித்துக் களைத்து டீயைத் தேடிக்கொண்டிருந்ததால் அது நன்றாகவே கேட்டது. கயிற்றை அவன் பிடித்திருந்த விதம் படுமோசம், மாட்டைப் பிடிக்கிற பிடி. ஆனால் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக விரலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது, அதை அவன் பார்க்காமல் முன்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். இழுடா நாயே என்று கிளைட்டன் முணுமுணுத்தான். உள்ளங்கை வேர்த்திருப்பதைக் கண்டு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. காப்பித்தூள் பூசின ஒரு வெள்ளைக்காரனுக்காக, ஒரு நீலத் துணிக்காக, கை வேர்க்கிறது. சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். "கிளைட்டன், வால்யூம்!" என்று டீச்சர் கூப்பிட்டது கேட்டது. போய்விட்டான்.

மண்டபத்துச் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் மரியான் நின்றிருந்தான். வெயில் இறங்கியிருந்தது. கருவாட்டு வாடையோடு காற்று வந்தது.

"அத்தான்."

"உள்ள போ. டீச்சர் தேடுவாவ."

"தேடட்டும். நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. ஒருநா கயிறு வழுக்கிருக்கா? நீங்க ரெண்டு இழு இழுத்து நான் தூக்காம இருந்திருக்கனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா..."

"சும்மா சும்மான்னு நாலு மாசம் ஆச்சு. ஊரே சிரிக்கி."

"ஊரையா? நீதான சிரிக்க வைக்க."

"பொறவு அழவா செய்யணும்?" கிளைட்டனின் குரல் உயர்ந்தது. "அந்த விளாத்திகுளத்தான் என்னைய விட நல்லா புடிக்கானா? கெணத்து வாளி இழுத்த கையி அத்தான் அது. எங்கக்கா தாலிய அந்தக் கைல குடுத்துட்டு நீங்க எப்படி நிம்மதியா முங்குதிய? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

மரியான் குழாயைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. மூடினான். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினான், பிரித்தான்.

"அவன் புடிக்கல" என்றான்.

"பொறவு ஆரு புடிக்கா?"

மரியான் வலது கையை நீட்டினான். கிளைட்டனுக்கு முதலில் விளங்கவில்லை. முங்குகிறவன் கை எப்போதும் உப்பில் ஊறி வெளுத்து மெத்தென்று இருக்கும். இந்தக் கையில் ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து குறுக்கே தோல் உரிந்து, காய்ந்து, காய்ந்ததன் மேலேயே மறுபடி உரிந்திருந்தது. புதிதாகக் கயிறு பிடிக்கிறவனுக்கு வருவது. கிளைட்டனுக்கு அது முதல் வருஷத்தில் வந்தது.

"அவன் கீழ போறான். நாந்தான் மேல இருந்து புடிக்கேன்."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பயம்." மரியான் அதை விலை சொல்வது மாதிரி சொன்னான். "கீழ போயி நின்னா, இடுப்புல கயிறு இருக்கா இருக்கான்னு தடவிப் பாத்துட்டே நிக்கேன். காலுக்குக் கீழ சங்கு கெடக்கு, குனிய முடியல. மேல நீ இருக்கன்னு தெரியுது. நீ விட மாட்டன்னும் தெரியுது. தெரிஞ்சும் பயம் வருது."

உள்ளே தாடிக்காரன் ஒருவழியாக முடித்தான். நாலைந்து பேர் கை தட்டினார்கள், முடிந்துவிட்டதே என்கிற சந்தோஷத்தில்.

"என்ட்ட ஏன் சொல்லல?" என்று கிளைட்டன் கேட்டான். "அக்காவுக்குத் தெரியும். வள்ளத்துல உள்ளவனுக்கெல்லாம் தெரியும். என்ட்ட மட்டும் ஏன் சொல்லல அத்தான்?"

மரியான் இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தான்.

"ஒன்ட்ட சொன்னா நீ சிரிப்ப மச்சான். நம்ம கூட முங்குன இன்னாசி பயந்து கத்திக்கிட்டு மேல வந்தத, அவன் மவ கல்யாணத்துலயே நடிச்சுக் காட்டுனேல்லா. கண்ண முழிச்சு, கால ஒதறி. அவன் பந்திலருந்து எந்திச்சுப் போயிட்டான். நானும் சிரிச்சேன். அதுக்கு முந்தியே எனக்கு ரெண்டு தடவ கீழ வச்சு அப்படி வந்திருந்துச்சு. அதாம் சொல்லல."

கிளைட்டனின் வாய் திறந்தது. உள்ளே ஒரு கேலி தயாராகத்தான் இருந்தது, கிணறு வெட்டினவனையும் கடலில் பிறந்தவனையும் வைத்து, நல்ல ஒன்று. கடைவாயில் அது துடிப்பதை அவனால் உணர முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மரியான் நீட்டின கையை மடக்கவில்லை, மடக்கினால் வலிக்கும் போலிருக்கிறது. தலைக்கு மேலே ஜன்னலுக்குள் திரையில் காட்சி மாறியது. அந்த மட்டமான நீலத் துணியின் வெளிச்சம் வெளியே சரிந்து, உரிந்த தோலின் மேல் விழுந்து, அசைந்து அசைந்து, மஞ்சளாகி, மறுபடி நீலமானது.